ஊர்ப் பிள்ளைகளுக்கு வெந்நீர்

ராயபுரத்தில் கடலோரத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேரை என் அம்மா தன் காலில் கிடத்திக் குளிப்பாட்டியிருக்கிறாள் என்று சொன்னால் அது மிகைதான். கால்வாசி என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அந்தக் கால்வாசியில் நான் இல்லை. அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நின்ற வரி இதுதான். நல்ல மகளாக இருந்தால் இதை அடித்துவிட்டு அவளுடைய உழைப்பிலிருந்து தொடங்கியிருப்பாள். நான் அடிக்கவில்லை.

பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் தொழில். பிரசவமாகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரைக்கும், சில வீடுகளில் குழந்தை தவழும் வரைக்கும், தினமும் காலையில் போவாள். மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொள்வாள். குழந்தையைக் காலின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால் உருவிவிட்டு, மூக்கை நீவிவிட்டு, பயத்தமாவு போட்டு, சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றுவாள். துவட்டி, சாம்பிராணி காட்டி, கன்னத்தில் மை வைத்து, தூங்கப் பண்ணிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவாள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. மத்தியானம் வரும்போது அவள்மேல் விளக்கெண்ணெயும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசனை வரும். அது எங்கள் வீட்டு வாசனை இல்லை. மற்றவர்கள் வீட்டு வாசனை.

எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்துபோனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாமாக்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். அம்மா சாமான்களைக் கட்டவே இல்லை. "அண்ணன் வூட்ல ஒரு வேள சோத்துக்கு ஒம்போது தபா மூஞ்சப் பாத்துகினு குந்த சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அவள் யாரையும் எதற்காகவும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாடியில் ஒற்றை அறை, தனிக் குழாய், தனிச் சாவி. கேஸ் சிலிண்டரைக்கூட எழுபது வயதிலும் படிப்படியாக உருட்டித் தானே மேலே ஏற்றுவாள். இதைச் சொல்லி ஊரே அவளை மெச்சும். மெச்சியவர்கள் யாரும் அவள் மகளாக இருந்து பார்த்தவர்கள் இல்லை.

ஏனென்றால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வெந்நீர், எனக்குக் குழாய்த் தண்ணீர். விடியற்காலையில் எழுப்பி, குழாயடியில் நிற்க வைத்து, நான்கு சொம்பு. மார்கழியிலும் அதேதான். பல் கிடுகிடுவென்று ஆடும். "சட்டுனு ஊத்திக்க, அங்க புள்ள அழுதுகினு கீது" என்பாள். எந்தப் பிள்ளை என்று கேட்கமாட்டேன். யாரோ ஒரு பிள்ளை, இன்னும் பெயர்கூட வைக்காத பிள்ளை, எனக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. எட்டு வயதில் நான் அந்தப் பிள்ளைகளை மனதார வெறுத்தேன். ஒருமுறை பள்ளி விடுமுறையில் அவள் பின்னாலேயே ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே கதவோரம் நின்று பார்த்தபோதுதான் எங்கம்மாவுக்குக் கொஞ்சத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது. "இன்னா நைனா, இன்னா கோவம் எம்மேல, மூக்க புட்ச்சி இஸ்துட்டனா" என்று அந்த ஒரு மாதத்துக் குழந்தையோடு கதை பேசிக்கொண்டிருந்தாள். என்னோடு அவள் பேசியதெல்லாம் வேலைதான். தின்னியா, படிச்சியா, கதவை சாத்து.

மூக்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் நடக்கும்போது மீசை வைத்த ஆட்கள் வண்டியை நிறுத்தி, "ஆயா, என்னைத் தெரியுதா?" என்பார்கள். அம்மா முகத்தைப் பார்க்காமல் மூக்கைப் பார்ப்பாள். "இது நான் புட்ச்ச மூக்காச்சே" என்பாள். அவர்களுக்குப் பெருமை தாங்காது. என்னுடையது சப்பை மூக்கு. நான் பிறந்தபோது அம்மாவுக்கு இந்தத் தொழில் கிடையாது. என்னைக் குளிப்பாட்டியது அப்பாவின் அம்மா. என் மூக்கைப் பற்றிக் கேட்டால் அம்மா சிரிக்காமல், "அது உங்கப்பன பெத்தவ வேல, என்னிய கேக்காத" என்பாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராயபுரத்து ஆண்களின் எடுப்பான மூக்குகள் ஞாபகத்துக்கு வரும்.

என் மகள் பிறந்தபோது என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். முதல் ஆளாக, விடியும் முன்பே, எங்கள் குழந்தைக்குத்தான் தண்ணீர். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அந்தக் கதவோரத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன், இந்த முறை வயிற்றில் தையலோடு. அம்மா என் பெண்ணிடம் பேசிய பேச்சை வேறு எந்தக் குழந்தையிடமும் பேசி நான் கேட்டதில்லை. ஊரில் யார் யாருக்கு என்ன நடந்தது, எந்த வீட்டு மாமியார் எப்படி, தனக்கு எங்கே வலிக்கிறது, எல்லாம். பதினெட்டு நாள் குழந்தை கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பெற்ற குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அப்போது எனக்குள் வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்ததால் பொறாமை போகவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். எனக்கும் ஒருநாள் ஊற்றினாள். எண்ணெய் வைத்து, கைபொறுக்காத சூட்டில் தண்ணீர் விளாவி, முதுகைப் பாத்திரம் தேய்ப்பது மாதிரி தேய்த்தாள். எனக்கு அது போதும் போதும் என்றிருந்தது, போதாமலும் இருந்தது. சீயக்காயைத் தலையில் அப்பிய நேரம் தூளியில் குழந்தை சிணுங்கியது. அம்மா சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணெல்லாம் சீயக்காய். மீதித் தண்ணீரை நானே ஊற்றிக்கொண்டேன்.

அந்தக் குழந்தை வளர்ந்து, பேசி, பள்ளிக்கூடம் போய், அம்மாவின் கூட்டாளி ஆனது. வேறு வார்த்தை இல்லை. ஆயாவும் பேத்தியும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தோஸ்துகள் என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போவார்கள். வழியில் என்ன தின்றார்கள் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நாங்கள் கொடுங்கையூரில் ஒரு பிளாட் வாங்கி வந்த பிறகு அம்மாவையும் வந்துவிடச் சொன்னேன். நான் கேட்கத் தொடங்கி அவள் போகும் வரைக்கும் பத்து வருஷம் கேட்டேன். "உங்கூட்டு ஜன்னல தொறந்தா குப்பமேட்டுப் பொக. எங்கூட்டு ஜன்னல தொறந்தா கடலு. இன்னாத்துக்கு வரணும்?" என்பாள். சரி, காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். அவள் குளிப்பாட்டி வளர்ந்த பெண் ஒருத்தி எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் வாக்கப்பட்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது, இரண்டு பஸ் மாறி, நாற்பது நாள் போய்வந்தாள் அம்மா. கொடியில் காயும் குழந்தைத் துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிறது, இரண்டு தடவை உதறித்தான் கட்ட வேண்டியிருக்கிறது என்று வந்து சொன்னாள். எழுபது வயதில் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக எண்ணூர்ச் சாம்பலைச் சுவாசிக்க முடிகிறது, சொந்த மகள் வீட்டுக் காற்று மட்டும் ஆகாது. இதை அவளிடமே சொன்னேன். "நீ இன்னா பச்சப்புள்ளயா?" என்றாள்.

அம்மாவுக்குக் கைபேசி வந்த பிறகு தொழிலே மிஸ்டு காலில்தான் ஓடியது. வீடுகளில் வெந்நீர் தயாரானதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள்; இவள் கிளம்புவாள். எனக்கும் மிஸ்டு கால்தான். காலையில் ஒன்று வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இதற்குக் காரணம் நான்தான், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கப்பல் சரக்குக்கான காகிதங்கள் ஒரு நிமிடம் தாமதமானாலும் முதலாளி குதிப்பார். அப்படி ஒருநாள் அம்மா போன் செய்து, எதிர் வீட்டில் நாய் குட்டி போட்டதைச் சொல்லத் தொடங்கினாள். "வேலை நேரத்துல இதுக்கெல்லாமா போன் பண்ணுவ? உயிர் போற விஷயமா இருந்தா மட்டும் பண்ணு" என்று கத்திவிட்டேன். அவள் ரோஷக்காரி. அன்றிலிருந்து எனக்கு ஒரு மணி அடித்து நின்றுவிடும் போன்தான்.

பேத்தி அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுத்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. இந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும் என்றதும் பிடித்துப்போய்விட்டது. தினமும் ஒன்றாவது வரும், என் மகளுக்கு. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் காதில் அந்தக் கம்பியை மாட்டிக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டே நடப்பாள். "ஆயா என்ன சொல்லுது?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லமா, சும்மா" என்பாள். அந்தச் சும்மாவுக்கு அத்தனை சிரிப்பு எதற்கு என்று எனக்கு எரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒவ்வொரு வீடாக விடத் தொடங்கினாள். ஒரு வீட்டில் மாடிப்படி உயரம் என்றாள், ஒரு வீட்டில் மாமியார் வாய் நீளம் என்றாள், இன்னொரு வீட்டில் நாய் இருக்கிறது என்றாள். கடைசியில் ஒரே ஒரு வீடு. எனக்கு உள்ளுக்குள் வெற்றி. இத்தனை வருஷமாகச் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியிருக்கிறது என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். கூடிய சீக்கிரம் கொடுங்கையூருக்கு வந்துவிடுவாள் என்று அவளுக்காக ஒரு கட்டில்கூடப் பார்த்து வைத்தேன்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த ஒரே வீட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார்கள். அவள் வரவில்லை என்றதும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அம்மா அறையில் தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், பேச்சில்லாமல். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இதற்கு முன்னால் கை மரத்துப்போவது, பிடி தளர்வது மாதிரி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். "இல்லவே இல்ல சார், கல்லு மாதிரி இருந்தாங்க" என்றேன். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு தரையையே பார்த்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவின் உடலைக் கொண்டுவந்து வாசலில் புடவையைத் திரையாகப் பிடித்துக் குளிப்பாட்டிய நேரத்தை என்னால் மறக்க முடியாது. நான் குடத்தில் தண்ணீரோடு நின்றேன். எங்கிருந்துதான் அத்தனை பெண்கள் வந்தார்களோ, இடுப்பில் பிள்ளையோடு, கையில் சொம்போடு. அதில் ஒருத்தி என் குடத்தில் கை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஆயாவுக்குப் பச்சத்தண்ணி ஆவாதே. சுடுதண்ணி எடுத்தாங்க யாராச்சும்" என்றாள். நான்கு வீட்டு அடுப்பிலிருந்து வெந்நீர் வந்தது. எங்கம்மா எந்தத் தண்ணீரில் குளிப்பாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் ஊற்றியது ஒரே ஒரு சொம்பு. தலையை மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தது என் மகள்.

எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வீடு அடங்கிய பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. என்னிடம் அம்மாவின் குரல் இல்லை. எங்கேயும் இல்லை. என் கல்யாண வீடியோவில் அவள் யாரையோ பார்த்து ஏதோ சொல்கிறாள், மேளச் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. என் போனில் இருப்பது மிஸ்டு கால் வரிசை. அதே வீட்டில், அடுத்த அறையில், மூன்று வருஷத்துக் குரல் என் மகளின் போனுக்குள் இருந்தது.

முதலில் நயமாகத்தான் கேட்டேன். "ஆயா பேசினத ஒண்ணு போடேன், கேக்கணும்போல இருக்கு." அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "அப்புறம் போடறேன்மா." அந்த அப்புறம் வரவே இல்லை. ஒருநாள் பரீட்சை என்றாள், ஒருநாள் சார்ஜ் இல்லை என்றாள். ஆனால் பால்கனியில் துணி காயப்போடும்போது அவள் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதை நான் பார்த்தேன். ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "எனக்குத்தான் அவ அம்மா. உனக்கு ஆயாதான். ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு வயதுக்காரி பத்தொன்பது வயதுக்காரியிடம் பொம்மைக்குச் சண்டை போடுவது மாதிரி. அவள் கோபப்படவில்லை. "தெரியும்மா" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு நான் செய்தது திருட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் கறி வாங்கப் போயிருந்தார். மகள் தலைக்குக் குளிக்கப் போனாள். போனால் இருபது நிமிடம். போன் சார்ஜில் கிடந்தது. போன் பூட்டைத் திறக்க விரலால் அவள் போடும் கோலம் எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எட்டு மாதமாக நான் பட்டினி கிடந்த சோறு அது. அதே கோலத்தைப் போட்டேன், திறந்துவிட்டது.

மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், ஏதோ ஒரு இடத்தில் நிறுத்தி, ஒன்றைத் தொட்டேன். "கண்ணு." அவ்வளவுதான், நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ம்" என்றாள். "இன்னா துன்ன?" மறுபடியும் அமைதி. "ம். சரி சரி." எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. தான் பேசுவது அந்த நேரமே அங்கே ஒலிபெருக்கி மாதிரி கேட்கிறது, பேத்தி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தன் போனில்தான் அது பிந்தி வந்து கேட்கிறது என்று அம்மா நம்பியிருக்கிறாள். அதனால் பதிலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசியிருக்கிறாள். மூன்று வருஷமும் இதை யாரும் அவளுக்குத் திருத்தவில்லை. என் மகள் எதற்காக அப்படிச் சிரித்தாள் என்று தெரிந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு, குளியலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு.

இன்னொன்று. "உங்கம்மா மூஞ்ச உர்ருனு வச்சிகினு கீறாளா?" இடைவெளி. "ம். அவ அப்டித்தான். நீ கண்டுக்காத." எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் என்னைப் பற்றியும் பேசியிருக்கிறாளே என்று ஒரு சந்தோஷம். அடுத்ததைத் தொட்டேன். இது நீளமாக இருந்தது.

"கண்ணு. காலீல ஆயாவுக்கு ஒரு மாறி ஆயிடுச்சு. அந்த மாடி வூட்டுக் கொழந்த கீதுல்ல, கால்மேல போட்டுகினு கீறேன். சொம்ப எடுக்குறேன், கையி வரமாட்டேங்குது. என் கையிதான், வரமாட்டேங்குது. புள்ள வழுக்கிகினு போது. அவங்கம்மா புட்ச்சிக்கிச்சு. ஒண்ணியும் ஆவல, புள்ளைக்கு ஒண்ணியும் ஆவல." இங்கே ஒரு நீண்ட இடைவெளி. "ம். அப்பால சரியாப் பூடுச்சு. ஆனா இனிமே நான் புள்ளைய தூக்கமாட்டேன். ஒவ்வொரு வூடா எதுனா சொல்லி நின்னுடப் போறேன்." மறுபடியும் இடைவெளி. "உங்கம்மா கைல சொல்லாத. ம்? சொல்லாத கண்ணு. நான் யாருக்கும் பயந்தவ இல்ல. அவளுக்குத்தான் பயப்படுறேன். வந்து ரூமப் பூட்டி என்னிய இஸ்துகினு பூடுவா."

அதன் கீழே என் மகளின் பதில் இருந்தது. கீச்சென்ற குரல், பள்ளிக்கூடப் பேருந்தின் சத்தம் பின்னால். "ஆயா, டாக்டர்கிட்ட போலாம் ஆயா. சனிக்கிழமை டியூஷன்னு சொல்லிட்டு வரேன். அம்மாகிட்ட சொல்லமாட்டேன், ப்ராமிஸ்." அதற்கு அடுத்த வாரம் அம்மாவின் இன்னொரு மெசேஜ். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தாள். "பெரியவங்க யாரையாச்சும் இட்டுகினு வான்னு உங்கைல சொல்லுது பாரேன் அந்தப் பொண்ணு. அப்ப நான் யாரு, சின்னவளா?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மாத்திரையை இரண்டு வேளை போடுகிறேன், நீ தினமும் ஞாபகப்படுத்து என்றாள். தினமும் ஞாபகப்படுத்தியிருந்தாள். வரிசையாக, காலையும் மாலையும், என் மகளின் சின்னச் சின்ன வாய்ஸ் மெசேஜ்கள். ஆயா மாத்திரை. ஆயா மாத்திரை. அந்தச் சனிக்கிழமைகளில் டியூஷன் வாத்தியார் போன் செய்து, பெண் வரவில்லை என்று சொன்னபோது நான் அவளை என்னவெல்லாம் கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவள் எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது மகள் தலையில் துண்டோடு வாசலில் நின்றாள். போனைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எது வரைக்கும் கேட்ட?" என்றாள்.

"மாத்திரை வரைக்கும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அவள்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். எனக்கு முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். கை விழுந்ததை இவளிடம் சொன்னாள். பயந்ததை இவளிடம் சொன்னாள். பெற்றவளுக்கு என்னிடம் பயம், இவளிடம் பயமில்லை. அந்த எரிச்சலோடு சேர்ந்து ஒரு வாக்கியமும் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது.

"நான் தரமாட்டேன்னு இல்லமா," என்றாள் மகள். "நீ திட்டுவேன்னும் இல்ல. திட்டு, பரவால்ல. நீ அப்பவே சொல்லியிருந்தா ஆயா இருந்திருக்கும்னு மட்டும் சொல்லிடுவியோன்னுதான். அத நானே தினம் சொல்லிக்கினு கீறேன்."

என் பெண் இந்தக் 'கினு கீறேன்' பேச்சு பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நான் விடமாட்டேன். அது அவள் ஆயாவிடம் மட்டும் பேசும் பேச்சு.

தொண்டையில் இருந்த வாக்கியம் அதேதான். ஒரு எழுத்து மாறாமல் அதேதான். அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்திருந்தேன். பேருந்தில் உட்கார்ந்து அந்தக் குரல் ப்ராமிஸ் சொன்னபோது அவளுக்கு வயது பதினேழு.

போனை அவளிடம் நீட்டினேன். "அடுத்தத நீயே போடு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் வேறு ஏதாவது சொல்லப்போகிறேனா என்று. நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு போட்டாள்.